கேளுங்கள், சொல்கிறேன்: ஒரே டிரக்டரில் ஏறும் மூன்று தொட்டி

கேள்வி: எங்கள் கெம்பஸ் விடுதியில் சாப்பாட்டுக் கழிவுக்குப் பச்சை, பேப்பருக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள் என்று மூன்று குப்பைத் தொட்டி இருக்கிறது. நாங்களும் பார்த்துப் பார்த்துப் பிரித்துப் போடுகிறோம். காலையில் குப்பை டிரக்டர் வந்ததும் மூன்றையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் நாங்கள் ஏன் மினக்கெட வேண்டும், ஐயா?
– மாணவி, ஹட்டன்

பதில்: கோபம் நியாயம்தான், மகள். நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை பார்த்த ஊர்களிலெல்லாம் இந்த டிரக்டர் முறைப்பாடு வந்திருக்கிறது. ஆனால் ஏற்றுகிறவரைத் திட்டுமுன், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நீலத் தொட்டியைத் திறந்து பாருங்கள். லஞ்ச் ஷீட்டோடு சுருட்டிய பாதிச் சோறு, பருப்பு ஊறிய பத்திரிகைத் தாள், அதற்குள்ளேயே ஒரு யோகட் கப். இப்படிப்பட்ட பார்சல் எந்த நிறத் தொட்டியில் விழுந்தாலும் பிழைதான். இரண்டு விழுந்தால் போதும், அடியில் கிடக்கும் கொப்பித்தாள் எல்லாம் குழம்பு குடித்துவிடும். பழைய பேப்பர் வாங்குகிறவர் அதைத் தொடமாட்டார். ஏற்றுகிறவரும் எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒன்றுதான் என்று கொட்டிவிடுகிறார். அவர் இடத்தில் நான் நின்றாலும் அதைத்தான் செய்வேன்.

நிறத்தைவிட ஈரம்தான் விஷயம். கன்டீன் கை கழுவும் இடத்தில் மூடியுள்ள ஒரு வாளி வையுங்கள். மிச்சச் சோறு, கறி, எலும்பு எல்லாம் முதலில் அதில். வழித்த ஷீட்டும் கழுவிய கப்பும் பிறகு செம்மஞ்சளுக்கு. 'உக்கும்' என்று விற்கிற ஷீட்டை வாழையிலை மாதிரி நினைத்துப் பச்சையில் போடாதீர்கள்.

பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, ஸ்ட்ரோ, இடியப்பத் தட்டு வரை தடை. யோகட் கப் மட்டும் தப்பிவிட்டது, அதனால் அதைக் கழுவுகிற வேலை நமக்கு.

சரி, டிரக்டர்? மூன்று டிரக்டர் கேட்டால் நிதி இல்லை என்பார்கள். கிழமை பிரித்துக் கேளுங்கள். சாப்பாட்டுக் கழிவு தினமும், பேப்பர் ஒரு கிழமை தனி நடையில், பிளாஸ்டிக் இன்னொரு கிழமை தனி நடையில். டிரக்டர் ஒன்றேதான், ஆனால் கலக்க வழியில்லை. பேப்பர் காயவேண்டும், ஆகவே நம் மழைக்கு நீலத் தொட்டி கூரைக்குக் கீழேதான் நிற்கவேண்டும். பச்சைக்குக் கொளுக்கி போட்ட மூடி வேண்டும். இல்லாவிட்டால் குரங்குகள் உங்களுக்கு முன்பே பிரித்துவிடும்.

கலந்த குப்பை எங்கே போகிறது என்றும் ஒருமுறை விசாரியுங்கள். கண்டி நகரக் குப்பை கொட்டப்பட்ட கொஹாகொட மேடு மகாவலிக் கரையில் இருக்கிறது. காற்றில்லாமல் புதைந்து அழுகும் சோற்றிலிருந்து மெதேன் என்ற எரியும் வாயு கிளம்பும், கறுப்பாக நீரும் வடியும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளோடு ஆட்களையும் புதைத்ததை நீங்கள் சின்ன வயதில் டீவியில் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: விடுதிக்குப் பின்னால் கூட்டெருக் குவியல் போட்டோம். நாற்றம் தாங்கவில்லை. குளிர்தான் காரணமா?
– சுற்றாடல் கழக மாணவர், நுவரெலியா

பதில்: குளிரின் மேல் பழி போடாதீர்கள் தம்பி. சோறும் மரக்கறித் தோலும் மட்டும் கொட்டினால் எங்கேயும் நாறும். ஒரு வாளி சாப்பாட்டுக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகு போடுங்கள். மேலே தகரக் கூரை. குவியல் மூன்றடி உயரமாவது இருந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும். நன்றாக வேலை செய்யும் குவியலின் நடுவில் வெப்பம் 55 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறும், கையை நுழைத்தால் சுடும். கிழமைக்கொரு தடவை புரட்டுங்கள்.

மீனும் எலும்பும் வேண்டாம். அதற்கு நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: எரிந்துபோன டியூப் லைட்டைச் சிவப்புத் தொட்டியில் போடலாமா?
– விரிவுரையாளர், பண்டாரவளை

பதில்: கூடாது சேர். சிவப்பு, கண்ணாடிப் போத்தலுக்கு. டியூபுக்குள் பாதரசம் இருக்கிறது. உடையாமல் அட்டைப் பெட்டியில் வைத்து, இலத்திரனியல் கழிவு சேகரிக்கும் நாளில் கொடுங்கள்.