‘கேன்சல்’ என்று நீங்கள் எழுதிவிடாதீர்கள்

கேள்வி: காட்பாடியில் இருக்கிறோம். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, அண்ணன் தம்பி மூன்று குடும்பமும் அப்பா அம்மாவுமாகப் பத்துப் பேர் தாய்லாந்தின் புக்கெட்டில் தனிப் படகு எடுத்து, ஐந்து இரவு தீவுகளைச் சுற்றத் திட்டம் போட்டோம். மே 24 முதல் 29 வரை. வேலூரில் ஒரு டிராவல் ஏஜென்சியிடம் 14 லட்சத்துக்குப் பேசி, ஜனவரியில் 7 லட்சம் கட்டினோம். ரூட் மாறலாம் என்று போட்ட புக்கிங் படிவத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இரண்டு இரவு சிமிலன் தீவுகள் என்று பயணத் திட்டத்தில் இருக்கிறது. அந்தத் தீவுகள் மே நடுவிலேயே மூடிவிடும் என்று இப்போதுதான் தெரிந்தது. கேட்டால், ‘வேறு தீவுக்குக் கூட்டிப்போகிறோம், பணம் திரும்ப வராது’ என்கிறார். அவர் எங்கள் உறவினரின் நண்பர். ஊரெல்லாம் சொல்லிவிட்டோம், பெரிய தலைக்குனிவு. பேச்சிலும் மரியாதை இல்லை. மீதி 7 லட்சத்தை ஏப்ரல் 24க்குள் வெளிநாட்டுப் படகுக் கம்பெனியின் கணக்குக்கே அனுப்பச் சொல்கிறார். பில் ராணிப்பேட்டையில் உள்ள எங்கள் தோல் கம்பெனி பெயரில் இருக்கிறது. கேன்சல் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு கேஸ் போடலாமா?

பதில்: அந்த வாட்ஸ்அப்பைப் போடாதீர்கள். போட்டால் கேஸில் பாதி அங்கேயே போய்விடும்.

உறவினரின் நண்பர், மரியாதையில்லாத பேச்சு, தலைக்குனிவு ஆகியவற்றை மனுவில் எழுதவே வேண்டாம். உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: ஜனவரியில் பணம் வாங்கும்போதே தர முடியாத ஒன்றை விற்றார்களா?

விற்றார்கள். சிமிலன் தேசியப் பூங்கா தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, ஆண்டுதோறும் மூடப்படுகிறது. ரூட்டை மாற்றும் உரிமை என்று அவர் காட்டுவது கேப்டனுக்கு உள்ள உரிமை. காற்று, அலை, இயந்திரக் கோளாறு என்றால் கேப்டன் எங்கு வேண்டுமானாலும் திருப்பலாம், அதை எந்த நுகர்வோர் ஆணையமும் கேள்வி கேட்காது. ஆனால் மே 25 அன்று அலை எப்படி இருக்கும் என்பது ஜனவரியில் யாருக்கும் தெரியாது. தீவு மூடியிருக்கும் என்பது ஜனவரியிலேயே தெரியும். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு ‘மே மாதம் கடல் மோசமாக இருக்குமாம், அம்மாவுக்கு வாந்தி வரும்’ என்று எழுதினால், வானிலைக்காக ரூட்டை மாற்றலாம் என்ற நிபந்தனைக்குள் வழக்கை நீங்களே தள்ளிவிடுகிறீர்கள்.

கட்சிக்காரர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் கோபத்தில் அனுப்பும் ஒரு வரியால்தான். ‘நாங்கள் கேன்சல் செய்கிறோம், அட்வான்ஸைத் திருப்பித் தாருங்கள்’ என்று எழுதிய நிமிடத்தில் அது வாடிக்கையாளர் செய்த ரத்து ஆகிவிடும். படகு ஒப்பந்தங்களில் வாடிக்கையாளர் ரத்து செய்தால் முதல் தவணை போய்விடும் என்பது வழக்கமான நிபந்தனை. கெடு தேதியில் மீதியைக் கட்டாமல் சும்மா இருந்தாலும் அதே கதிதான், அதையும் உங்கள் ரத்தாகவே கணக்கில் வைப்பார்கள். பிறகு ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74ஐக் காட்டி, நியாயமான இழப்பீட்டுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று வாதாடலாம். அப்போது நீங்கள் தற்காப்பில் நிற்கிறீர்கள்.

அதனால் ஏப்ரல் 24க்கு முன்பே நோட்டீஸ் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். வாசகம் இப்படி இருக்கட்டும்: ‘நீங்கள் ஒப்புக்கொண்ட தேதிகளில் சிமிலன் தீவுகள் மூடப்பட்டிருக்கும். ஒப்பந்தப்படி பயணம் நடத்த உங்களால் முடியுமா என்று ஏழு நாளில் எழுத்தில் தெரிவியுங்கள். நாங்கள் மீதியைக் கட்டத் தயார். முடியாது என்றால், உங்கள் தவறான தகவலால் ஏற்பட்ட இந்த ஒப்பந்தத்தை நாங்கள் ஏற்கவில்லை, கட்டிய தொகையைத் திருப்பித் தர வேண்டும்.’ ‘கட்டத் தயார்’ என்ற சொல் முக்கியம், எடுத்துவிடாதீர்கள். விரைவு அஞ்சலில் ஒப்புகையோடும், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் போனை மாற்றவோ, தானாக அழியும் வசதியைப் போடவோ கூடாது. பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63இன்படி மின்னணுச் சாட்சிக்கான சான்றிதழ் தரும்போது அந்தப் போன் வேண்டும்.

உங்கள் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். தவறான தகவல் என்று ஒப்பந்தத்தைத் தள்ளுபடி செய்யும் ஒப்பந்தச் சட்டப் பிரிவு 19க்கு ஒரு விதிவிலக்கு உண்டு: சாதாரணக் கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் அந்த உரிமை இல்லை. தீவு மூடும் தேதி பொது அறிவிப்பு, கூகுளில் தேடினால் கிடைக்கும் என்பார்கள். ஆகவே சிவில் கோர்ட்டை விட நுகர்வோர் ஆணையமே உங்களுக்கு நல்லது. அங்கே கேள்வி நேர்மையற்ற வணிக நடைமுறை, சேவைக் குறைபாடு. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம் என்பதால் வேலூர் மாவட்ட ஆணையம் போதும், கட்டணம் 200 ரூபாய். ஒப்பந்தத்தில் வெளிநாட்டு ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதில் நடுவர் தீர்ப்பு) என்று இருந்தாலும் அது ஆணையத்தைத் தடுக்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை: கோபத்தில் ‘இது நியாயமற்ற ஒப்பந்தம், அந்த நிபந்தனை செல்லாது என்று அறிவிக்க வேண்டும்’ என்று மனுவில் கேட்டுவிடாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தத்தை விசாரிக்கும் அதிகாரம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, மாநில ஆணையத்துக்குத்தான். அந்த ஒரு கோரிக்கைக்காக மனு திரும்பும்.

இப்போது உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். பில் கம்பெனி பெயரில் இருக்கிறது. ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் இது சகஜம், ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி (பில்லில் கட்டிய ஜிஎஸ்டியைக் கம்பெனி கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்குமே என்று வாங்குவார்கள். நீங்கள் அந்த வரியை எடுத்திருந்தால், ‘இது வியாபாரச் செலவு’ என்று அரசிடம் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அந்த ரிட்டர்னைத்தான். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோரே அல்ல என்று சொல்லி, தீவைப் பற்றிப் பேசும் முன்பே மனுவைத் தள்ளச் சொல்வார். 2019இல் லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம், பணம் கட்டியது நிறுவனமா என்பதைவிட முக்கிய நோக்கம் என்ன என்பதே அளவுகோல் என்றது. குடும்ப விடுமுறை என்பதற்கு பத்துப் பேரின் பெயர்ப்பட்டியல், கல்யாணப் பத்திரிகை, விமான டிக்கெட் போதும். ஆனால் எடுத்த வரி அத்தனையையும் மறுக்கும். சொந்த உபயோகத்துக்கான செலவுக்கு அந்த வரியை எடுக்கவே கூடாது, ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 17(5) அதைத் தடுக்கிறது. ஆடிட்டரிடம் சொல்லி அதை வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டு, பிறகு நோட்டீஸ் அனுப்புங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. மனுதாரராகக் கம்பெனியையும் பயணம் போகும் உங்களையும் சேர்த்தே போடுங்கள்.

அதே பில்லில் இன்னொன்றைப் பாருங்கள். ஜிஎஸ்டி 5 சதவீதம் முழுத் தொகைக்கும் போட்டிருக்கிறதா, கமிஷனுக்கு மட்டும் 18 சதவீதமா? வெளிநாட்டுச் சுற்றுலா தொகுப்பு என்று டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடித்தாரா? முழுத் தொகைக்கு வரி போட்டு டிசிஎஸ்ஸும் பிடித்திருந்தால், ‘நான் வெறும் ஏஜெண்ட், படகுக்காரரைக் கேளுங்கள்’ என்று அவர் தப்ப முடியாது. தொகுப்பை விற்றவர் அவரே. மீதியை வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பச் சொல்வதன் பின்விளைவு இங்கேதான். அனுப்பினால் அந்தப் பாதிக்கு விற்றவர் புக்கெட் கம்பெனி ஆகிவிடும், இவர் நடுவில் நின்றவர் ஆகிவிடுவார். வேலூர் ஆணையத்தில் வெளிநாட்டுக் கம்பெனிக்கு எதிராக உத்தரவு வாங்கலாம். இங்கே சொத்தில்லாதவரிடம் அதை வைத்து ஒரு ரூபாய் வசூலிக்க முடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சமரசமாகப் போங்கள் என்கிறேன். சட்டத்தில் மூன்று மாதம் என்று இருந்தாலும் வழக்கு அப்படி முடிவதில்லை. ஜெயித்தாலும் பாதித் தொகையை டெபாசிட் செய்துவிட்டு மாநில ஆணையத்துக்கு அப்பீல் போவார்கள். 7 லட்சம் கேளுங்கள், ஐந்தரைக்கு மேல் வங்கிக் கணக்கில் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது அதே விலைக்கு ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தேதி மாற்றக் கேளுங்கள். அப்போது சிமிலன் திறந்திருக்கும், கடலும் அமைதியாக இருக்கும். அறுபதாம் கல்யாணத்துக்கு நட்சத்திரம் பார்க்க வேண்டும், சுற்றுலாவுக்கு வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு, போயே ஆக வேண்டும் என்றால், புக்கெட்டுக்குக் கிழக்கே பாங் நா விரிகுடா பருவக்காற்றுக்கு மறைவான இடம். விலைக் குறைப்போடு புதுத் திட்டத்தை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன் படகின் பெயர், பதிவு, இரவு தங்க அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை மூன்றையும் கேளுங்கள். நான்கு அறை கேட்டமரன் (இரட்டை உடல் படகு) என்றால் எட்டுப் பேருக்கு உரியது. பகலில் இருபது பேரை ஏற்றும் படகு இரவில் பத்துப் பேரைத் தங்கவைக்க உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. டீசல், சாப்பாடு, பூங்காக் கட்டணம் யார் செலவு என்பதும் எழுத்தில் வரட்டும்.

‘அடுத்த பயணத்துக்குக் கிரெடிட் நோட்’ என்று நீட்டினால் தொடாதீர்கள். முழுத் தீர்வாக ஏற்றேன் என்ற வரி அதில் இருந்தால், பயன்படுத்தாவிட்டாலும் உங்கள் உரிமை முடிந்தது. தவணையாகத் தருகிறேன் என்றால் தேதியிட்ட காசோலைகளாக வாங்குங்கள். திரும்பினால், வங்கியின் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். கடைசிக் காசோலை பாஸான பிறகே ரசீதில் கையெழுத்துப் போடுங்கள். பேச்சுவார்த்தை எவ்வளவு இழுத்தாலும் இரண்டு வருடக் காலவரம்பு அதற்காக நிற்காது. அவர் மறுத்த தேதியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.