பிரேக் இல்லாத வண்டியும் வாடகை மைதானமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்டனில் வசிக்கிறேன். உடன் வேலை செய்யும் போலந்து நண்பர்தான் எனக்கும் என் மகனுக்கும் ஸ்பீட்வே மோட்டார்சைக்கிள் பந்தயத்தை அறிமுகம் செய்தார். மான்மோர் கிரீன் மைதானத்துக்குத் தவறாமல் போய்வந்தோம். 2023உடன் அங்கே பந்தயம் நின்றுவிட்டது. ஒரு காலத்தில் லண்டனின் பெரிய அரங்கமான வெம்பிளியையே நிரப்பிய விளையாட்டாம் இது. தொலைக்காட்சியும் கைபேசியும் வந்தபின் ரசனை மாறிவிட்டது, காலம் மாறிவிட்டது என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானா? இன்னொன்று: பதினான்கு வயது மகன் இதில் பயிற்சிக்குப் போக ஆசைப்படுகிறான். அனுப்பலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஊர் நடுவே கிடக்கும் ஒரு மைதானம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி கொஞ்ச காலமாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. மகனைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

‘காலம் மாறிவிட்டது’ என்று இனி யாருக்கும் எழுதாதீர்கள். யோசிக்கச் சோம்பல்படுகிறவர்கள் சொல்வது அது. காலம் எந்த மைதானத்தையும் விற்றதில்லை. ஒரு மனிதர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு விற்கிறார்.

தொலைக்காட்சி 1950களில் கூட்டத்தைக் குறைத்தது உண்மை. கேளிக்கை வரியும் கழுத்தை நெரித்தது. ஆனால் 1981இல், வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்கர் புரூஸ் பென்ஹால் உலகப் பட்டம் வென்ற இரவில் வெம்பிளியில் 90,000 பேருக்கு மேல் இருந்தார்கள். கைபேசியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மான்செஸ்டரில் பெல் வ்யூ அணியின் பந்தயம் ஒன்றை முதல் வளைவில் நின்று பார்த்திருக்கிறேன். நான்கு பேர், நான்கு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம். பிரேக் கிடையாது, ஒரே கியர். தொடக்கக் கோட்டில் கட்டிய நாடா மேலே எழுந்ததும் நான்கு வண்டிகளும் ஒன்றாக வளைவுக்குள் பாய்ந்தன. இடது பூட்ஸில் கட்டிய இரும்புத் தகடு தரையில் உரச, முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருக்க, வண்டி இடப்பக்கம் சறுக்கிக்கொண்டே போயிற்று. செம்மண் சரளை வேலியைத் தாண்டி வந்து முகத்தில் அடித்தது. எரிந்த ஆமணக்கெண்ணெயின் வாசம். பக்கத்தில் நின்ற மூதாட்டி தன் நிகழ்ச்சித்தாள்மேல் விழுந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டு, வென்றவருக்கு 3, அடுத்தவர்களுக்கு 2, 1, 0 என்று பென்சிலால் குறித்தார். அன்றிரவு ஒரு பந்தயத்தைக்கூட அவர் குறிக்காமல் விடவில்லை. இப்படி ஒருவர் இருக்கும்போது ரசனை செத்துவிட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பிரிட்டனில் இந்த விளையாட்டு பெரும்பாலும் வாடகைக்குக் குடியிருந்தது. 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனுக்கு வெளியே ஹை பீச்சில், ஒரு மதுக்கடைக்குப் பின்னால் இருந்த தடத்தில் தொடங்கிய மோகம், நாய்ப் பந்தயத்துக்காகக் கட்டப்பட்ட அரங்குகளில் போய் ஒண்டிக்கொண்டது. அரங்கைத் தாங்கியது நாய்மீது கட்டிய பந்தயப் பணம். 1961இல் தெருவுக்குத் தெரு பந்தயப் பணம் கட்டும் கடைகள் சட்டப்படி திறந்தபோது, நாயின்மேல் பணம் கட்ட யாரும் அரங்குக்கு வர வேண்டியிருக்கவில்லை. அரங்கின் வருமானம் வற்றியது, நிலத்தின் விலையோ ஏறியது. பிறகு என்ன நடக்கும்? லண்டனின் வெஸ்ட் ஹாம் அரங்கு 1972இல் இடிக்கப்பட்டு வீடுகள் வந்தன. வில்கின்சன், யங், குரூம்ப்ஸ் என்று அங்கே ஓட்டிய வீரர்களின் பெயர்களைத் தெருக்களுக்கு வைத்தார்கள். அரங்கை எடுத்துக்கொண்டு பெயர்ப்பலகையைக் கொடுத்த அந்தப் பரிவர்த்தனையை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நல்ல உரிமையாளர் வாய்த்தாலும் நிலைமை இதுதான். வெம்பிளிக்கு ஸ்பீட்வேயைக் கொண்டுவந்தவர் ஆர்தர் எல்வின். 1957இல் அவர் இறந்தார். அந்த ஆண்டே வெம்பிளி லயன்ஸ் அணி களமிறங்கவில்லை. ஒருவருடைய பிரியத்தை நம்பி இருக்கும் எதுவும் அவருடைய ஆயுள் வரைக்கும்தான். கோவென்ட்ரியின் பிராண்டன் அரங்கும் கைமாறியது. 2016க்குப் பிறகு அங்கே பந்தயம் இல்லை. உங்கள் மான்மோர் கிரீனில் நாய்கள் தொடர்ந்து ஓடின, வண்டிகள்தான் வெளியேற்றப்பட்டன. கூட்டம் இல்லாமல் நின்றது என்று உங்கள் மகனிடம் சொல்லியிருந்தால், தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள். அவன் நேசித்த ஒன்றை யாருக்கும் வேண்டாத பொருள் என்று அவன் நம்பி வளரக் கூடாது.

உங்கள் போலந்து நண்பரிடம் கேளுங்கள். அவர் ஊரிலும் தொலைக்காட்சி இருக்கிறது, கால்பந்து இருக்கிறது, கைபேசியும் இருக்கிறது. ஆனால் அந்நாட்டின் டோருன் நகரில் நகராட்சியே அரங்கம் கட்டி 2009இல் திறந்தது. போலந்தில் பெரும்பாலான அரங்குகள் நகரங்களின் சொத்து. மக்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக் போன்ற உலக வீரர் அந்த மண்ணிலிருந்து வருவதில் எந்த அதிசயமும் இல்லை.

இனி மகன். இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற பீட்டர் கிரேவன் 1963இல் எடின்பரோவில் விழுந்து உயிரிழந்தார். முன்னால் விழுந்தவர்மேல் மோதாமல் ஒதுங்கியபோது நேர்ந்தது அது. இப்போது பல தடங்களின் வளைவுகளில் காற்றடைத்த தடுப்புகள் இருக்கின்றன, ஆனாலும் எலும்புகள் முறிகின்றன. இதை மறைக்காமல் அவனிடம் சொல்லுங்கள். அதன்பிறகும் அவன் கேட்டால் அனுப்புங்கள். சிறிய எஞ்சினில் தொடங்கி, முதலில் சரியாக விழக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளராகப் பாருங்கள். சேர்க்கும் முன் அந்தத் தடத்தின் நிலம் யாருடையது, குத்தகை எந்த ஆண்டு முடிகிறது என்று விசாரித்து எனக்கும் எழுதுங்கள்.