கடல்குதிரை, கொரில்லா: இரண்டில் எதற்கு ஆபத்து அதிகம்?

இந்தக் கேள்வியைக் கட்டுரைப் போட்டிக்கோ வாதத்துக்கோ கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே வரியில் சொன்னால், எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு (IUCN) வெளியிடும் சிவப்புப் பட்டியல்படி கொரில்லாவுக்குத்தான். கிழக்கு, மேற்கு ஆகிய இரண்டு கொரில்லா இனங்களுமே ‘மிக அருகியவை’. கடல்குதிரையோ ஓர் இனமல்ல, நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றில் பலவற்றுக்கு எதிரே ‘தரவு போதாது’ என்றுதான் இருக்கும். அதை ‘ஆபத்து இல்லை’ என்று படித்துக்கொண்டு வருகிறவர்களிடம்தான் எனக்கு வாய்த்தகராறு.

கொரில்லா ஒவ்வொரு இரவும் புதுக் கூடு கட்டிப் படுக்கும். கைக்குழந்தை மட்டும் தாயோடு. கிழக்குக் கொரில்லாவின் துணையினமான மலை கொரில்லாவைக் கணக்கெடுப்பவர்கள் தடம் பிடித்துப் போய், ஒரே கூட்டத்தின் அடுத்தடுத்த மூன்று இரவுக் கூடுகளைத் தேடி எண்ணுவார்கள். கூட்டில் கிடக்கும் சாணத்தின் மரபணுவைப் பார்த்தால் ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிட்டோமா என்பதும் தெரிந்துவிடும். அதனால்தான் 2019-இல் 1,063 என்று கடைசி இலக்கம் வரை சொல்ல முடிந்தது. அந்தத் துணையினம் மட்டும் 2018-இல் ஆபத்து ஒரு படி குறைந்து ‘மிக அருகியது’ என்பதிலிருந்து ‘அருகியது’ ஆனது.

கடல்குதிரைக்கு இது நடக்காது. கடற்புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு அதே நிறத்தில் நிற்கும், அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அளந்து போட்ட கயிற்றோரமாக முக்குளிப்பவர் நீந்தி வந்தால் பெரும்பாலும் கிடைப்பது பூஜ்யம். இருந்தது அழிந்ததா, முதலிலேயே இல்லையா என்பதைப் பூஜ்யம் சொல்லாது.

‘ஆண் கடல்குதிரை ஒரே ஈற்றில் நூற்றுக்கணக்கில் ஈனுமே’ என்பீர்கள். ஈனும், தேறுவது மிகச் சில. பல இனங்கள் ஒரு பருவம் முழுக்க ஒரே துணையோடு கூடுபவை. ஒன்று வலையில் போனால் மற்றதன் இனப்பெருக்கமும் கொஞ்ச காலம் நின்றுவிடும்; நீந்தத் தெரிந்தும் தெரியாத அந்த மீன் புதுத் துணையை எங்கே போய்த் தேடும்? இந்தக் கணக்கில் கொரில்லாவின் பாடு இன்னும் மோசம், ஒப்புக்கொள்கிறேன். பத்து வயது வாக்கில் முதல் குட்டி, பிறகு நாலைந்து ஆண்டுக்கு ஒன்று. தலைமை ஆண் செத்தால், புதிதாக வரும் ஆண் கைக்குழந்தைகளைக் கொன்றுவிடுவதும் உண்டு.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று: வேறெதற்கோ வைத்த பொறியில் சாவது. மறிமானுக்கு வைத்த கம்பிக் கண்ணியில் கொரில்லாக் குட்டியின் கை மாட்டும். மலை கொரில்லா என்றால் மருத்துவர்கள் ஏறிப்போய், மயக்க ஊசி எய்து, கம்பியை வெட்டிவிடுவார்கள். இறாலுக்குப் போட்ட இழுவலையில் கடல்குதிரை வரும்போது அப்படி யாரும் இல்லை. படகுக்கு நாளொன்றுக்கு ஒன்றோ இரண்டோ. யார் கண்ணிலும் உறுத்தாது. ஆனால் 21 நாடுகளில் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 3.7 கோடி என்பது ஒரு மதிப்பீடு.

கடல்குதிரை சட்டத்தின் பிடிக்குள் வராததும் இதனால்தான். கடல்குதிரை வணிகத்துக்கு சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான ஒப்பந்தம்) கட்டுப்பாடு 2004-இல் அமலானது. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவை வேண்டாம் என்ற பரிந்துரையும் உண்டு. வலைக்கு அளவுகோல் தெரியாது. உயரம் என்பது தலைக்கொண்டை முதல் நிமிர்த்திய வால்நுனி வரை. காய்ந்து சுருண்ட வாலை நிமிர்த்தினால் ஒடியும். ஏற்றுமதித் தடை போட்ட நாடுகளிலிருந்தும் கருவாடாக ஹாங்காங்குக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கரையோரக் கடற்புல் பரப்பில் இழுவலையை நுழையவிடாமல் இருப்பதே உருப்படியான வழி.

கொரில்லாவுக்குச் செலவழிப்பது வீண் என்று சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம். நைஜீரியா–கேமரூன் எல்லையில் வாழும் துணையினமான கிராஸ் ரிவர் கொரில்லா முந்நூறுகூட இருக்காது. மலை கொரில்லாவுக்கு வரும் சுற்றுலாப் பணம் அதற்கு இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘பண்ணையில் வளர்ந்தது’ என்று மீன்தொட்டிக்குக் கடல்குதிரை விற்பவரிடம், உறையவைத்த மைசிஸ் இறாலை உங்கள் எதிரிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடலில் பிடித்தது பெரும்பாலும் உயிருள்ள இரையைத்தான் தொடும். இரைப்பையே இல்லாத மீன் அது; நாளைக்கு இரண்டு மூன்று வேளை தின்றாக வேண்டும். வேக மீன்களோடு விட்டால் அதற்கு முன்னால் அவை தின்று தீர்த்துவிடும்.