உண்ணியை அனுப்புவதா, இரத்தத்தை அனுப்புவதா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: பட்டியில் நின்ற ஜேர்சிக் கலப்புப் பசு ஒன்று காய்ச்சல் வந்து, சலம் சிவப்பாய்ப் போய்ச் செத்துவிட்டது. இப்போது இன்னொன்றும் தீன் எடுக்காமல் நிற்கிறது. எல்லா மாட்டிலும் உண்ணி. உண்ணியின் மரபணுவை வாசித்தே நோயைக் கண்டுபிடிக்கிறார்களாம். பிடித்து அனுப்பினால் சொல்வார்களா?

உண்ணியை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்தப் பசு. இன்றைக்கே அரச மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். ஊசி போடுமுன் காது நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசச் சொல்லுங்கள். சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், பெரும்பாலும் அன்றே தெரிந்துவிடும். சிவந்த சலம் என்றதும் எனக்குப் பபேசியா மேல்தான் சந்தேகம். சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும் கிருமி அது. தைலேரியா, அனாப்பிளாஸ்மா என்று உண்ணி பரப்பும் வேறு இரண்டும் இருக்கின்றன, மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

உண்ணியை வாசித்தால் இந்த விடை வராது. அதன் வயிற்றில் பபேசியாவின் டி.என்.ஏ. கிடைக்கலாம். அது மாட்டிடம் குடித்த இரத்தத்தோடு வந்ததா, உண்ணிக்குள்ளேயே பெருகி இன்னொரு மாட்டுக்குப் போகப்போகிறதா என்று அந்த வாசிப்பு மட்டும் சொல்லாது. அதோடு, மாட்டுண்ணி குஞ்சாக ஏறியதிலிருந்து ஏறக்குறைய மூன்று கிழமை ஒரே மாட்டில்தான் இருக்கும். ஆகவே கிருமியை அடுத்த மாட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் அதன் குஞ்சுகள்தான்: பபேசியாவைக் குடித்த தாய் உண்ணி நிலத்தில் விழுந்து இடும் ஆயிரக்கணக்கான முட்டைகள் வழியே கிருமி குஞ்சுகளுக்குப் போகிறது. இன்று மடியடியில் பருத்துத் தொங்குவது அடுத்த நோயின் தாய். அதைக் கழற்றிப் பட்டிக்குள் எறியாதீர்கள், விரலால் நசுக்கவும் வேண்டாம், சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள்.

சரி, மரபணு வாசிப்பால் என்ன பயன்? நிறைய. அமெரிக்கக் கருங்கால் உண்ணியின் மரபணுத் தொகுதி 2016இல் வெளிவந்தது. 2020இல் சீன ஆய்வாளர்கள் இன்னும் ஆறு இனங்களை வாசித்தார்கள், நம் மாட்டுண்ணியும் அதில் ஒன்று. தன்னைக் கொல்லும் மருந்தை உண்ணி எப்படித் தாங்கிப் பழகுகிறது என்பதை இதைக் கொண்டு தேட முடிகிறது. உண்ணியின் நரம்பில் சோடியத்தை உள்ளே விடும் நுண்ணிய வாயில்தான் சில மருந்துகள் தாக்கும் இடம்; அந்த வாயிலின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே சைபர்மெத்ரின் போன்ற உண்ணிக்கொல்லி மருந்துகள் வேலை செய்யாமல் போகலாம். பட்டிக்காரர் மருந்து போலி என்று நினைத்து இன்னும் அடிப்பார், தப்பிப் பிழைப்பதெல்லாம் அந்த மாறிய உண்ணிதான். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான்.

உங்களிடமும் சரியான அளவில் அடித்தும் உண்ணி விழவில்லையென்றால், அப்போது உண்ணி தேவைப்படும். பத்துப் பன்னிரண்டைச் சின்னப் போத்தலில் கடும் அற்ககோலில் போடுங்கள். திகதி, ஊர், அடித்த மருந்தின் பெயரைப் பென்சிலால் எழுதிய கடதாசித் துண்டையும் உள்ளேயே போடுங்கள், பேனை மை கரைந்துவிடும். கன்னொறுவை கால்நடை ஆராய்ச்சி நிறுவகமோ பேராதனை மிருக வைத்திய பீடமோ அதை எடுக்குமா என்று உங்கள் வைத்தியர் மூலம் கேட்டுப் பாருங்கள்.