கல்வெட்டில் எந்த அம்மம்மா?

அன்புள்ள ஐயா,

மூன்று கிழமைக்கு முன் என் அம்மம்மா வெள்ளவத்தையில் காலமானார். வயது 86. ஓய்வுபெற்ற ஆசிரியை. முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கல்வெட்டு, அதாவது அவர் நினைவாகக் கொடுக்கிற சிறு புத்தகம், அடிக்க வேண்டும். வாழ்க்கை வரலாறு எழுதுகிற பொறுப்பு என் தலையில். மாமா கனடாவிலிருந்து ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்: கோப்பாயில் பயிற்சி, பிறகு பதுளை, மன்னார், கொழும்பு, பென்சன் எடுத்த ஆண்டு. எழுதிப் பார்த்தால் யாரோ ஒருவரின் அம்மம்மா மாதிரி இருக்கிறது. அவர் பொல்லாத கண்டிப்பு. அதை எழுதினால் பெரியம்மா கோபிப்பார். 83 இனக்கலவரத்தில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் இருந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர். அதைப் பற்றிக் கேட்டால், "கக்கூஸ் லைன்தான் பெரிய பாடு" என்பார். வேறொன்றும் கதைக்கமாட்டார். எதை எழுத, எதை விட?

ஒரு பேர்த்தி, வெள்ளவத்தை

அன்புள்ள மகளுக்கு,

மாமாவின் பட்டியலைத் தூக்கி எறிய வேண்டாம். கேட்கத் தெரிந்தால் அதற்குள் நிறைய இருக்கிறது. 1960 டிசம்பரில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய காலத்து ஆசிரியர்கள் அவர்கள். இடமாற்றக் கடிதம் வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அம்மம்மா பதுளைக்குப் போனபோது பெரியம்மாவுக்கு எத்தனை வயது? பிள்ளைகள் கூடப் போனார்களா, ஊரில் யாரும் வைத்துப் பார்த்தார்களா? இதைப் பெரியம்மாவிடமே கேளுங்கள். கோபிக்கிற ஆட்கள் சொல்லத் தொடங்கினால் நிற்கமாட்டார்கள்.

கண்டிப்பு விஷயத்தில் நான் ஒருமுறை மாட்டுப்பட்டிருக்கிறேன். என் சின்னம்மாவும் ரீச்சர்தான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கையொன்றில், ரயில் பாதைக்குக் கிட்ட அவர் வீடு. கதைத்துக்கொண்டிருக்கும்போது ரயில் வந்தால் பாதி வசனத்தில் நிறுத்தி, ஒரு விரலைத் தூக்கிப் பிடிப்பார். கடைசிப் பெட்டி போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். "அந்த மீனை நான் வாங்" என்று நின்றால், ரயிலுக்குப் பிறகு "கவேயில்லை" என்று வரும். அவருடைய வகுப்பறையும் ரயில் பாதைக்குப் பக்கத்தில்தான் இருந்ததாம். இலவசப் பாடநூல் வந்தது 1980இல். அதற்கு முன் புத்தகம் வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கரும்பலகையும் கொப்பியும்தான். ரயில் சத்தத்தில் ஒரு சொல் தவறினால் பிழையான சொல்தான் பிள்ளையின் கொப்பிக்குள் போகும். அதனால் வந்த பழக்கம், பென்சனுக்குப் பிறகும் போகவில்லை.

அவருடைய கல்வெட்டை எழுதியது நான். இந்த ரயிலை எழுதினேனா? இல்லை. "பொறுமையே அணிகலனாய், அன்பே உருவாய்" என்று எழுதிவைத்தேன். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, தலை முழுக்க நரைத்த ஒருவர் கல்வெட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். "தம்பி, இது எங்கட ரீச்சர்தானோ? ழகர ளகரத்துக்கு நான் வாங்கின அடி எனக்கெல்லோ தெரியும்" என்றார். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, முதல் பக்கத்தில் 'புகளுடம்பு' என்று அச்சாகியிருந்ததைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அன்றைக்கு எனக்கிருந்த வெட்கத்தைச் சொல்லி முடியாது.

ஆகவே கண்டிப்பை எழுதுங்கள். எதற்காகக் கண்டித்தார், என்ன சொல்லி ஏசினார் என்பதோடு சேர்த்து எழுதுங்கள். 'கண்டிப்பானவர்' என்று ஒற்றைச் சொல்லில் விட்டால் அதுவும் 'அன்பே உருவானவர்' போலத்தான், யாருக்கும் பொருந்தும்.

இன்னொன்று. நம் ஆட்களின் கல்வெட்டுகளை 'நூலகம்' என்ற இணையத்தளம் தேடி எடுத்து ஏற்றிவைக்கிறது. நாளைக்குப் பதுளைப் பாடசாலைகளைப் பற்றி எழுதப்போகிற ஒருவர் உங்கள் அம்மம்மாவை அங்கே கண்டுபிடிக்கலாம். அவருக்கு அணிகலன் எல்லாம் எதற்கு? எந்த ஆண்டு, எந்த வகுப்பு, என்ன பாடம், எங்கே தங்கியிருந்தார், இதுதான் வேண்டும்.

83ஐப் பற்றி அவர் சொன்ன அந்த ஒரு வசனத்தை அப்படியே போடுங்கள். முன்னும் பின்னும் விளக்கம் வேண்டாம். கக்கூஸ் என்ற சொல் கல்வெட்டில் வரலாமா என்று யாராவது கேட்பார்கள், வரலாம். காங்கேசன்துறைக்குக் கப்பலேறினவர் எப்போது, ஏன் கொழும்புக்குத் திரும்பி வந்தார் என்று தெரிந்தவர்கள் இருந்தால் விசாரியுங்கள். இல்லையென்றால், திரும்பி வந்தார் என்பது போதும்.

தேவாரப் பக்கங்களை அச்சகமே போட்டுத் தரும், அதில் நீங்கள் மினக்கெட வேண்டாம். ஆனால் எழுத்துப் பிழை அங்கேயும் இருக்கும். அச்சுக்குப் போக முன் அம்மம்மாவிடம் படித்த யாரிடமாவது ஒரு தடவை வாசிக்கக் கொடுங்கள்.

முப்பத்தோராம் நாளுக்கு வரப் பார்க்கிறேன். எந்த ஒழுங்கை என்று எழுதுங்கள்.