வீட்டு வெதர் ஸ்டேஷன்: நீங்க கேட்டதும் என் பதிலும்

வெப்பநிலை, மழை, காத்து எல்லாத்தையும் வீட்டுலயே அளக்குற வெதர் ஸ்டேஷனை வாங்கினவங்க, வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க ரெண்டு பக்கமும் நிறைய கேட்டிருக்கீங்க. ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணா சேர்த்துட்டேன்.

அண்ணா, முதல் தடவை வாங்கறேன். விலை கூடுதலா இருக்கறதுதான் சரியா காட்டுமா?

அப்படி இல்ல தம்பி. சுமாரான ஸ்டேஷனை நல்ல இடத்துல வெச்சா, விலை கூடுன ஸ்டேஷனை தப்பான இடத்துல வெச்சதை விட நம்பகமான ரீடிங் தரும், இதை நான் திரும்பத் திரும்ப சொல்லிட்டே இருப்பேன். வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. மழைமானி, காத்து சென்சார், வெப்பநிலை சென்சார் மூணையும் தனித்தனியா மாட்ட முடியுமா? மூணுக்கும் வேண்டிய இடம் வேற வேற. காத்து சென்சாருக்கு உயரம் வேணும், மழைமானிக்கு உயரம் ஆகாது. எல்லாம் ஒரே கம்பத்துல வர்ற மாடல்னா ஏதாவது ஒண்ணை விட்டுக்கொடுத்துதான் ஆகணும். அடுத்தது, டேட்டாவை உங்க கம்ப்யூட்டர்லயே சேமிக்க வழி இருக்கான்னு பாருங்க. கம்பெனி சர்வர்ல மட்டும் இருந்தா, அவங்க சேவையை நிறுத்துற அன்னிக்கு உங்க பழைய ரெக்கார்டும் போயிடும்.

சார், மொட்டை மாடியில மாட்டியிருக்கேன். மத்தியானத்துல போன் வெதர் ஆப்ல வர்ற வெப்பநிலையை விட 4 டிகிரி கூட காட்டுது. சென்சார் போயிடுச்சா?

பெரும்பாலும் சென்சார் நல்லாத்தான் இருக்கும். நமக்கு வேண்டியது காத்தோட வெப்பநிலை, ஆனா அங்க சென்சார் கான்கிரீட் விடுற அனலையும் சேர்த்து வாங்குது. தரையில இருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரம், கீழ புல்தரை, சுத்தி காத்தோட்டம், இதுதான் முறையான அளவு. 19-ம் நூற்றாண்டுல தாமஸ் ஸ்டீவன்சன்னு ஒரு கலங்கரை விளக்க இன்ஜினியர் சாய்வுப் பலகை வெச்ச வெள்ளைப் பெட்டி ஒண்ணை வடிவமைச்சார், வெயில் உள்ள வராது, காத்து மட்டும் வரும். நம்ம ஸ்டேஷன்ல அடுக்கடுக்கா வெள்ளைத் தட்டு இருக்கே, அதுவும் அதே வேலையைத்தான் செய்யுது. ஆனா காத்தே இல்லாத உச்சி வெயில்ல அந்தத் தட்டும் சூடாகி 1, 2 டிகிரி ஏத்திக் காட்டும். உள்ள சின்ன ஃபேன் வெச்ச மாடல்ல இந்தப் பிரச்சனை குறைவு.

கண்டுபிடிக்க வழி இருக்கு. விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடி வர்ற ரீடிங்கை நம்பகமான ஒரு தெர்மாமீட்டரோட ஒப்பிடுங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு. அப்ப ஒத்துப்போயி பகல்ல மட்டும் எகிறுதுன்னா இடம்தான் காரணம். ராத்திரி பகல் எந்நேரமும் ஒரே அளவு தள்ளிக் காட்டுதுன்னா சென்சார்ல பிழை, அதை செட்டிங்ல கழிச்சுக்கலாம். போன்ல வர்றது வேற எங்கயோ எடுத்தது இல்லன்னா கணிப்பு, அதை வெச்சு தீர்ப்பு சொல்லாதீங்க. மாடியை விட்டா வேற இடமே இல்லன்னா சுவர், தண்ணி டேங்க், ஏசி வெளி யூனிட் இதுல இருந்தெல்லாம் தள்ளி, மாடித் தரைக்கு மேல 2 மீட்டர் தூக்கி வைங்க.

அதே தெருவுல ஒருத்தர் மழைமானி 40 மி.மீ. காட்டுது, என்னோடது 31. யாருது சரி?

ரெண்டுமே சரியா இருக்கலாம், மழை தெருவுக்குத் தெரு மாறும். ஆனா எப்பவுமே உங்களுது குறைவா வந்தா மூடியைக் கழட்டிப் பாருங்க. புனலுக்குக் கீழ ரெண்டு பக்கமும் மாறி மாறி சாயுற குட்டி கிண்ணம் இருக்கும், ஒவ்வொரு சாய்வும் பொதுவா 0.2 மி.மீ. அதுல சிலந்தி நூல் கட்டியிருக்கும், எறும்பு மண்ணு சேர்த்து வெச்சிருக்கும், இலைத்தூள் புனல் ஓட்டையை அடைச்சிருக்கும். எல்லாத்தையும் துடைச்சுட்டு, ரசமட்டம் வெச்சு சமமா நிக்குதான்னு பாருங்க.

அப்புறம் தண்ணி ஊத்தி சோதிங்க. 1 மி.மீ. மழைங்கறது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். உங்க புனல் வாய் 20 செ.மீ. விட்டம்னா பரப்பு 314 சதுர செ.மீ., அதனால 314 மில்லி தண்ணி ஊத்தினா 10 மி.மீ. காட்டணும், அதாவது 50 சாய்வு. மடமடன்னு ஊத்தக்கூடாது, ஊசித் துளை போட்ட கப்புல சொட்டுச் சொட்டா ஒரு மணி நேரம் இறங்கட்டும். பேய்மழையில கிண்ணம் சாயுற நேரத்துக்குள்ள கொஞ்சம் தண்ணி கணக்குல வராம போகும், பலமான காத்துல துளிகள் புனலைத் தாண்டியும் போகும், ரெண்டுமே குறைச்சுத்தான் காட்டும். சும்மா அளவுகோடு போட்ட ஒரு சாதா மழைமானி பக்கத்துல வெச்சுக்கோங்க, சந்தேகம் வரும்போது அதுதான் சாட்சி.

துளி விழுற அதிர்வை வெச்சு அளக்குற மாடல் எப்படி?

அசையுற பாகம் இல்ல, அடைப்பு இல்ல. ஆனா துல்லியம் குறைவு, கம்பம் ஆடினா மழை இல்லாமலே மழை காட்டும். மழை ஆரம்பிச்சதை சொல்ல நல்லது, மொத்தக் கணக்குக்கு கிண்ணம்தான்.

காற்றழுத்தம் 965 மில்லிபார் காட்டுது, புயல் ஏதாவது வருதா சார்?

பயப்படாதீங்க, நீங்க கடல் மட்டத்துல இருந்து சுமார் 400 மீட்டர் உயரத்துல இருந்தா அதுதான் இயல்பு. கடல் மட்டம் பக்கத்துல ஏறக்குறைய 8 மீட்டர் ஏறினா 1 மில்லிபார் குறையும். செட்டிங்ல உங்க உயரத்தைக் குடுத்தா கடல் மட்ட அளவுக்கு மாத்திக் காட்டும், மத்த ஊர்களோட ஒப்பிட அதுதான் வேணும்.

இன்னொண்ணு, பல பேர் இதைக் கவனிச்சு குழம்புறீங்க: வெப்பமண்டலப் பகுதியில அழுத்தம் தினமும் காலை 10 மணி, ராத்திரி 10 மணி வாக்குல ஏறும், விடியக்காலை 4, சாயங்காலம் 4 வாக்குல இறங்கும். சூரியன் வளிமண்டலத்தை சூடாக்குறதால வர்ற அலை அது, நாள் தவறாம வரும். எனக்கு இந்த கிராஃபை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கல. அதனால சாயங்காலம் 2, 3 மில்லிபார் குறைஞ்சதைப் பார்த்து எதுவும் முடிவு பண்ணாதீங்க, நேத்து இதே நேரத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க.

காத்து சென்சார் எவ்வளவு உயரம்?

முறைப்படி 10 மீட்டர், பக்கத்துல இருக்க மரம், கட்டடம் அதோட உயரத்தைப் போல 10 மடங்கு தள்ளி இருக்கணும். வீட்டுல முடியாது. முடிஞ்ச உயரத்துல வெச்சுட்டு அந்த உயரத்தைக் குறிப்புல எழுதிடுங்க. வடக்கை திசைகாட்டியில பார்த்தா, காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உங்க ஊர்ல எவ்வளவு வித்தியாசமோ அதைச் சரி பண்ணி வைங்க.

ஈரப்பதம் 99-லயே நிக்குது அண்ணா.

மழை, பனி நேரத்துல நின்னா சரி. வெயில்லயும் இறங்கலன்னா சென்சார் வயசாயிடுச்சு. உப்புல கொஞ்சமா தண்ணி விட்டு ஈர மணல் பதத்துக்குக் கலக்கி, காத்து புகாத டப்பாவுல சென்சாரோட சேர்த்து பல மணி நேரம் மூடி வைங்க, உப்பு சென்சார் மேல படக்கூடாது. 25 டிகிரி வாக்குல 75 சதவீதம் காட்டணும்.

டேட்டாவை வெளிய அனுப்புனா யாருக்காவது உபயோகமா?

கண்டிப்பா. வெதர் அண்டர்கிரவுண்ட் மாதிரி தளங்கள் இருக்கு, பிரிட்டன் வானிலை அலுவலகம் 2011-ல தனியா ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ரெண்டு அரசு மழைமானிக்கு நடுவுல பெய்ஞ்சுட்டுப் போற மழையை உங்க மானிதான் பிடிக்கும். ஒரே ஒரு வேண்டுகோள், மேல சொன்ன தண்ணி சோதனை பண்றதுக்கு முன்னாடி அப்லோடை நிறுத்திடுங்க, இல்லன்னா அன்னிக்கு பெய்யாத 10 மி.மீ. மழை ரெக்கார்டுல ஏறிடும், அதை நம்பி கணக்கு போடுறவங்களும் இருக்காங்க.