கும்பிடவும் கடை போடவும்: வெளிநாடு போகிறவர்கள் கேட்டவை

16 வருஷம் துபாய் தேராவில் மளிகைக் கடை வைத்திருந்தவன் நான், சொந்த ஊர் திருமங்கலம். குடும்பத்தோடு போய்த் தொழில் பண்ண நினைக்கிற நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில் இது.

உசிலம்பட்டியிலிருந்து: அண்ணே, துபாயில் சாமி கும்பிட விடுவார்களா? நிலத்தை விற்றுவிட்டுப் போய் பரோட்டா கடை போடலாம் என்று இருக்கிறேன்.

தாராளமாகக் கும்பிடலாம் தம்பி. ஜெபல் அலியில் 2022 அக்டோபரில் பெரிய கோயில் திறந்தார்கள், பக்கத்திலேயே குருத்வாராவும் சர்ச்சுகளும் இருக்கின்றன. அபுதாபியில் 2024 பிப்ரவரியில் இன்னொரு கோயில் வந்துவிட்டது. வீட்டில் படம் மாட்டி விளக்கேற்றினால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ஆனால் முஸ்லிம்களிடம் போய் உங்கள் மதத்தைப் பிரச்சாரம் பண்ணக் கூடாது, அப்புறம் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு என்று வாட்ஸ்அப் குரூப்பில் வசூல் பண்ணவும் கூடாது. அனுமதியில்லாத வசூல் அங்கே குற்றம், நல்ல காரியம்தானே என்று செய்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நிலம் விஷயத்துக்கு வருகிறேன். சாமியைப் பற்றிக் கேட்ட நீங்கள் லைசென்ஸ் யார் பேரில் இருக்கும் என்று கேட்கவில்லையே. என் காலத்தில் ஊருக்குள் கடை என்றால் 51 சதவீதம் உள்ளூர்க்காரர் பேரில்தான் இருக்க வேண்டும். முதல் முழுக்க என்னுடையது, தனியாக ஒரு ஒப்பந்தமும் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் போனால் ஷட்டரில் அந்த உள்ளூர்க்காரர் போட்ட புதுப் பூட்டு. உள்ளே நான் முந்தின நாள் எடை போட்டுக் கட்டி வைத்த பருப்புப் பொட்டலங்கள் கண்ணாடி வழியாகத் தெரிகின்றன, என்னால் தொட முடியவில்லை. 2021 ஜூனிலிருந்து பெரும்பாலான தொழில்களில் முழுப் பங்கும் நம் பேரிலேயே வைத்துக்கொள்ளலாம். அதனால் இன்றைக்கும் யாராவது 'பேருக்கு ஒரு பார்ட்னர் போதும்' என்று சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் பேரில் லைசென்ஸ் கைக்கு வருகிறவரை நிலத்தில் கை வைக்க வேண்டாம்.

மேலூரிலிருந்து: நாங்கள் முஸ்லிம்கள். சவூதி எங்களுக்குச் சுலபம்தானே?

தொழுகைக்கு ஒரு குறையும் இருக்காது பாய். ஆனால் கோரிப்பாளையம் தர்காவுக்குப் போய் பாத்திஹா ஓதி, கந்தூரிச் சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அங்கே வேறு மாதிரி இருக்கும், தர்கா வழக்கங்களுக்கு அங்கே இடமில்லை. தொழிலில் ஒரே மதம் என்பதற்காகச் சலுகை கிடையாது. வெளிநாட்டு முதலீட்டு லைசென்ஸ் முறைப்படி வாங்க வேண்டும். சவூதிக்காரர் பேரில் பினாமியாகக் கடை நடத்துவதற்கு 'தஸத்தூர்' என்று பெயர். 5 வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரியால் வரை அபராதம். பேர் கொடுத்தவர், நடத்துகிறவர் இரண்டு பேருமே மாட்டுவார்கள்.

செல்லூரிலிருந்து: அண்ணா, பினாங்கில் சுங்குடிச் சேலைக் கடை வைக்க ஆசை. காவடி எடுக்க முடியுமா?

தைப்பூசத்துக்குப் பினாங்கில் அரசு விடுமுறையே உண்டு தங்கச்சி, தண்ணீர்மலைக்கு ஏறுகிற கூட்டத்தைப் பார்த்தால் பழனிதான் ஞாபகம் வரும். ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: அங்கே முஸ்லிமைக் கல்யாணம் பண்ணினால் மதம் மாறியே ஆக வேண்டும், திரும்பி வருவது மிகக் கஷ்டம். கடைக்கு வந்தால், வெளிநாட்டவர் தனி உரிமையாளராகப் பதிய முடியாது, 'செண்டிரியான் பெர்ஹாட்' கம்பெனியாகத்தான் (நம்ம ஊர் பிரைவேட் லிமிடெட் மாதிரி) பதிய வேண்டும். சுற்றுலா விசாவில் போய்க் கல்லாவில் உட்காரவே கூடாது.

அவனியாபுரத்திலிருந்து: சிங்கப்பூரில் வேலைக்குப் போய், மாலையில் சொந்தமாக ஏதாவது வியாபாரம் பார்க்கலாமா?

ஒர்க் பெர்மிட்டில் முடியாது. எந்த முதலாளி பேரில் பெர்மிட்டோ அவரிடம் மட்டும்தான் வேலை. கோயில்களுக்குக் குறைவில்லை, தீபாவளிக்கு விடுமுறை, தைப்பூச விடுமுறையை மட்டும் 1968இல் எடுத்துவிட்டார்கள். ஊர்வலம் இன்றும் டேங்க் ரோடு கோயிலுக்குப் போகிறது.

ஒரு அம்மா: மகன் துபாய் போகிறான். விபூதி, மசாலா கொடுத்து விடலாமா?

விபூதி, குங்குமம் தாராளமாகக் கொடுங்கள்மா. கறிக்குழம்புக்குப் போடுகிற கசகசா மட்டும் ஒரு பொட்டலம்கூட வேண்டாம். துபாயிலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் கணக்கில் வரும், ஏர்போர்ட்டிலேயே பிடித்துவிடுவார்கள். அரைத்த மசாலாவிலும் கலந்திருக்கக் கூடாது. அங்கே போய்த் தேங்காயும் முந்திரியும் அரைத்து ஊற்றச் சொல்லுங்கள், குழம்பு கெட்டியாகவே வரும்.